ரத்தத்தில் இல்லாத புழு

நள்ளிரவு தாண்டித் தொடங்கி விடியும்வரை விடாத வறட்டு இருமல். மூச்சு விடும்போது விசில் சத்தம். லேசான காய்ச்சல், குறைந்துகொண்டே போகும் உடல் எடை. எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு நுரையீரலிலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள். காசநோய் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் சளியில் காசக் கிருமி கிடைக்காது. 1940-களிலும் 50-களிலும் சிங்கப்பூர், மலாயா மருத்துவமனைகளுக்கு இந்தக் குறிகளோடு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள், அதிலும் உழைக்கும் வயதிலிருந்த ஆண்கள். அவர்களுடைய ரத்தத்தில் ஒன்று மட்டும் உறுத்தியது. ஈசினோபில் என்னும் வெள்ளணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 500-க்குள் இருக்க வேண்டும். இவர்களுக்கு 3,000-ஐத் தாண்டியிருந்தது. இந்த அணுக்கள் பெருகிக் கிடந்தால் உடலில் புழு இருக்கிறதா என்று தேடுவது மருத்துவத்தின் பாலபாடம். தேடினார்கள். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் உலாவும் என்பதால் நள்ளிரவில் ரத்தம் எடுத்தும் தேடினார்கள். புழு அகப்படவில்லை.

அகப்படாத அந்தப் புழுதான் காரணம் என்று நிறுவுவதில் தன் ஆய்வு வாழ்க்கையின் சிறந்த ஆண்டுகளைச் செலவிட்டவர் டாக்டர் டி. ஜே. தனராஜ். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தைத் தொடங்கி நடத்திய முதல் டீன் என்றுதான் அவரை நம்மில் பலர் அறிவோம். அங்குள்ள மருத்துவ நூலகத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் கட்டடம் எழுப்பிய டீனாக மட்டும் அவரை நினைவில் வைத்திருப்பது அவருக்குச் செய்யும் பாதி மரியாதைதான். அவருடைய ஆய்வு இந்த வட்டாரத்து மருத்துவத்துக்கு ஒரு புதிய பார்வையைக் கொடுத்தது. ஒட்டுண்ணி நோய் என்பது ஒட்டுண்ணி மட்டும் செய்வதல்ல. உடல் அதற்குக் காட்டும் எதிர்ப்பும் சேர்ந்துதான் நோயாகிறது. ஆகவே கிருமியைக் கண்ணால் காண முடியாத இடத்தில் உடலின் எதிர்ப்பையே சாட்சியாக வைத்து உண்மையை எட்டலாம். மலேரியாவும் யானைக்காலும் ஏறக்குறைய ஒழிந்துவிட்டன என்று நிம்மதி அடைந்திருக்கும் இன்றைய கிள்ளான் பள்ளத்தாக்குக்கு அந்தப் பார்வை முன்னைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இதற்கு நேரெதிரான மரபு ஒன்று இதே பள்ளத்தாக்கில்தான் பிறந்தது. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல யாராலும் முடியாது. 1901-இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்து சேர்ந்தார் மால்கம் வாட்சன். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் கிள்ளான் நகர மக்கள்தொகை 4,000-ஐக்கூடத் தொடவில்லை. அப்படிப்பட்ட ஊரும் புதிதாகத் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகமும் சேர்ந்து ஒரே ஆண்டில் 582 மரணங்களைக் கண்டன. அவற்றில் 368 காய்ச்சல் மரணங்கள். சதுப்பை வடித்து, காட்டை வெட்டி, வாய்க்கால் போட்டார் வாட்சன். 1902-இல் மொத்த மரணம் 144, காய்ச்சலால் 59. 1905-இல் மொத்தம் 113, காய்ச்சலால் 45. ரொனால்ட் ராஸ் கொசுதான் மலேரியாவைச் சுமக்கிறது என்று 1897-இல் செகந்திராபாத்தில் கண்டறிந்து நான்கைந்து ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அந்த அறிவு ஓர் ஊரையே காப்பாற்றும் என்று உலகுக்குக் காட்டிய முதல் இடங்களில் ஒன்று கிள்ளான். பின்னர் மலைப்பாங்கான ரப்பர் தோட்டங்களில் அதே முறையைப் பின்பற்றிக் காட்டை வெட்டியபோது மலேரியா குறையாமல் கூடியது. தாழ்நிலத்துக் கொசு நிழலையும் தேங்கிய நீரையும் தேடுவது. மலையோடையில் முட்டையிடும் அனாபிலிஸ் மாக்குலேட்டஸ் வெயில் படும் தெளிந்த ஓடுநீரைத் தேடுவது. கொசுவின் இனம் பார்த்து வேலை செய்ய வேண்டும் என்ற பாடத்தை அந்த மலைத்தோட்டங்களில் மடிந்த நம் தொழிலாளர்களின் உயிரை விலையாகக் கொடுத்துத்தான் மலாயா கற்றது. இதைச் சொல்லாமல் வாட்சனின் கதையைச் சொல்லக்கூடாது.

வெளியே பார்; சதுப்பைப் பார், ஓடையைப் பார், கொசுவைப் பார். இதுதான் கிள்ளான் மரபு. இத்தனை உயிரைக் காத்த மரபு இருக்கும்போது உடலின் எதிர்ப்பைப் படிப்பது ஆய்வகத்துக்குள் முடங்கும் ஆடம்பரம் அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். வலுவான கேள்விதான். எண்ணிக்கை என்று வந்தால் வாய்க்கால் வெட்டியவர்கள் காத்த உயிர்கள்தான் அதிகம்; அதில் வாதமே இல்லை. ஆனால் எந்தத் தோட்டத்தில் மலேரியா கடுமையாக இருக்கிறது என்பதை வாட்சன் எப்படி அளந்தார் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு லயத்துப் பிள்ளைகளையும் நிறுத்தி, இடது விலா எலும்புக்குக் கீழே கைவைத்து, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்ற விகிதத்தைக் குடியிருப்புக்கும் காட்டு விளிம்புக்கும் உள்ள தூரத்தோடு ஒப்பிட்டார். மண்ணீரல் நோய் எதிர்ப்பு உறுப்பு. மலேரியாவோடு மீண்டும் மீண்டும் போராடியதால்தான் அது வீங்குகிறது. அப்படியென்றால் சதுப்பை எங்கே வடிக்க வேண்டும் என்று வாட்சனுக்கு வழிகாட்டியதே தமிழ்ப் பிள்ளைகளின் உடல் காட்டிய எதிர்வினைதான். இரண்டு மரபுகளும் பகை அல்ல. முதலாவது தன்னை அறியாமலே இரண்டாவதின் மீது சாய்ந்து நின்றது.

தனராஜ் எடுத்துக்கொண்ட நோயில் வெளியே பார்க்கும் வழி முற்றிலும் அடைபட்டிருந்தது. கிருமி எதுவென்றே தெரியாதபோது எந்தக் கொசுவைத் தேடுவது? அன்று மதராஸ் மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையில் ஃப்ரிமோட் மோலரும் பார்ட்டனும் 1940-இல் இந்த நோயாளிகளைத் தனியாகப் பிரித்துக் காட்டி, காசம்போல் தோன்றும் காசமல்லாத நோய் என்றார்கள். 1943-இல் வைன்கார்ட்டன் ‘லான்செட்’ இதழில் அதற்கு ‘டிராபிக்கல் ஈசினோபீலியா’ என்று பெயரிட்டார். ஆர்செனிக் கலந்த மருந்து கொடுத்தால் குணமாகிறது என்றும் எழுதினார். ஏன் குணமாகிறது என்பது விளங்கவில்லை. ஒவ்வாமை என்றார்கள் சிலர், நுண்பூச்சி என்றார்கள் சிலர், வைரஸ் என்றார்கள் சிலர். பெயர் பரவியது, தமிழகத்தில் இன்றும் இருமினால் ‘ஈசினோபீலியா’ என்று சொல்லும் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான். காரணம் மட்டும் இருட்டில் இருந்தது. காசம் என்று தவறாக முத்திரை குத்தப்பட்டவர்கள் மாதக்கணக்கில் காச வார்டில் படுத்திருக்க வேண்டி வந்தது. காசம் என்ற சொல்லுக்கே ஊர் விலகி நின்ற காலத்தில் ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு அது என்ன செய்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

தனராஜ் இந்நோயை ‘ஈசினோபில் நுரையீரல்’ என்று அழைத்தார். எங்கோ உள்ள வெப்பமண்டலத்தின் நோய் என்பதைவிட, எந்த உறுப்பில் எந்த அணு என்ன செய்கிறது என்பதையே அந்தப் பெயர் முன்னிறுத்தியது. அவர் வைத்த முதல் ஆதாரம் மருந்து. டைஎத்தில்கார்பமசின் என்ற மாத்திரை 1947-இல் யானைக்கால் புழுவுக்கு எதிராகக் கண்டறியப்பட்டது. இந்தியாவில் அதை ஈசினோபீலியாவுக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள் 1950-களின் நடுவில் நல்ல பலன் கண்டார்கள். தனராஜ் சிங்கப்பூர் நோயாளிகளுக்கு ஒழுங்கான முறையில் கொடுத்து 1958-இல் முடிவுகளை வெளியிட்டார். இருமல் சில நாட்களில் அடங்கியது. ஈசினோபில் எண்ணிக்கை சரிந்தது. யானைக்கால் புழுக் குஞ்சைக் கொல்லும் மருந்துக்கு இந்த நோய் கட்டுப்படுகிறது என்றால் நோய்க்குக் காரணமும் அந்தக் குடும்பத்துப் புழுவாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை.

இரண்டாவது ஆதாரம் ஆய்வகத்தில் கிடைத்தது. 1959-இல் தனராஜும் டா சில்வாவும் ஷாக்கரும் வெளியிட்ட கட்டுரை அது. அவர்கள் பயன்படுத்திய சோதனையைச் சற்று அருகில் சென்று பார்ப்பது நல்லது. அதில்தான் அவருடைய சிந்தனை முறை தெரிகிறது. நோயாளியின் ரத்தத்திலிருந்து தெளிந்த சீரத்தைப் பிரித்தெடுத்து 56 டிகிரிச் சூட்டில் அரை மணி நேரம் வைப்பார்கள். அதில் இயல்பாக உள்ள ‘காம்ப்ளிமென்ட்’ என்ற அணு உடைக்கும் புரதம் செயலிழந்துவிடும். எதிர்ப்புப் புரதங்கள் மட்டும் தப்பும். நாயின் இதயத்தில் வாழும் டைரோஃபைலேரியா என்ற புழுவை அரைத்து எடுத்த சாற்றையும், அளந்து எடுத்த கினிப்பன்றிக் காம்ப்ளிமென்டையும் அதனோடு சேர்ப்பார்கள். சீரத்தில் அந்தப் புழு வகைக்கு எதிரான புரதம் இருந்தால் அது புழுச்சாற்றோடு பிணைந்து, போட்ட காம்ப்ளிமென்ட் முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு உடையத் தயார் நிலையில் உள்ள ஆட்டுச் சிவப்பணுக்களை ஊற்றுவார்கள். காம்ப்ளிமென்ட் மிச்சமிருந்தால் அணுக்கள் உடைந்து குழாய் முழுதும் சிவக்கும். மிச்சமில்லை என்றால் அணுக்கள் உடையாமல் அடியில் போய்ப் படியும், மேலே நீர் தெளிந்து நிற்கும். அந்தத் தெளிவுதான் விடை: இந்த உடல் அந்தக் குடும்பத்துப் புழுவைச் சந்தித்திருக்கிறது. ஈசினோபில் நுரையீரல் நோயாளிகளின் சீரம் மிக உயர்ந்த அளவில் இந்த விடையைக் கொடுத்தது. மருந்து கொடுத்த பிறகு அந்த அளவு இறங்கியது.

நாயின் புழுவை வைத்து மனிதனின் நோயை எப்படி நிரூபிப்பது? புழுக்களுக்குள் பொதுவான புரதங்கள் ஏராளம். வயிற்றுப் புழு இருந்தவருக்கும் இந்தச் சோதனை பொய்யாக விடை சொல்லலாமே? அன்றைய விமர்சகர்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஒரே சோதனையை நம்பி அவர் வழக்கை முடித்திருந்தால் அது தோற்றிருக்கும். ஆனால் வயிற்றுப் புழு எங்கும் பரவியிருந்த காலத்தில் மற்றவர்களைவிட இந்த நோயாளிகளிடம் மட்டும் அளவு மிக உயர்ந்து நிற்பதும், யானைக்கால் புழுவுக்கான மருந்து கொடுத்த பின் அது இறங்குவதும் தற்செயலாக நடக்காது. அதற்கு மேலும் ஒரு சாட்சி வேலூரிலிருந்து வந்தது. 1960-இல் சி.எம்.சி. மருத்துவமனையின் வெப், சி. கே. ஜாப், கால்ட் ஆகிய மூவரும் இதே நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணுத் திசுக்களில் புழுக் குஞ்சுகளையே கண்டு ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். 1966-இல் தனராஜ், பச்சேகோ, கனகரத்தினம் சண்முகரத்தினம், அமெரிக்காவின் பால் பீவர் ஆகியோர் சேர்ந்து நோய்க்காரணத்தையும் திசு மாற்றங்களையும் விவரித்து வெளியிட்ட கட்டுரை வழக்கை ஏறக்குறைய முடித்துவைத்தது. இந்தச் சண்முகரத்தினம் சிங்கப்பூரின் நோய்க்குறியியல் துறையை வளர்த்தெடுத்தவர். இன்றைய அதிபர் தர்மனின் தந்தை. அவர்கள் தேடியது ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நீளமே உள்ள குஞ்சு. திசுவைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றும் சீவலின் தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். எத்தனை சீவல்களைப் பொறுமையாகப் பார்த்தால் ஒரு குஞ்சு சிக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். உடலின் எதிர்ப்பு ஏற்கெனவே அங்கே இருக்கிறது என்று சொல்லியிருந்ததால்தான் அந்தப் பொறுமைக்கு அர்த்தம் இருந்தது.

ரத்தத்தில் ஏன் புழு கிடைக்கவில்லை என்பதற்கும் விடை இங்கேயே கிடைத்தது. நிணநீர்க் குழாயில் வாழும் முதிர்ந்த புழு குஞ்சுகளை வெளியே விடுகிறது. இந்த நோயாளிகளின் உடல் அவற்றை எதிர்ப்புப் புரதங்களால் மூடி, நுரையீரலின் நுண்குழாய்களில் நிறுத்தி, ஈசினோபில்களை ஏவி உடனுக்குடன் அழித்துவிடுகிறது. ஈசினோபில்கள் கக்கும் நச்சுப் புரதங்கள் குஞ்சைக் கொல்வதோடு நுரையீரல் திசுவையும் சேர்த்தே எரிக்கின்றன. திருடனை விரட்ட ஏற்றிய பந்தமே கூரையில் பற்றிக்கொண்ட கதை. இன்னொரு புறம், ரத்தம் நிறையக் குஞ்சுகளைச் சுமந்தபடி எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடும் மனிதர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய எதிர்ப்பு மண்டலம் இன்டர்லூக்கின்-10 போன்ற தணிப்புச் சுரப்புகளால் அடங்கி, ஐஜிஜி4 என்ற சாந்தமான புரத வகையைப் பெருக்கி, புழுவோடு ஒருவிதச் சமாதானத்துக்கு வந்துவிடுகிறது. நிணநீர்க் குழாய் சிதைந்து கால் வீங்குபவர்கள் மூன்றாவது வகை. புழு ஒன்று, உடலின் பதிலுக்கேற்ப மூன்று விதமான வாழ்க்கை. கிருமியை மட்டும் தேடிய மருத்துவத்தால் இதைச் சொல்லியிருக்க முடியாது. சொல்லப்போனால் அது தொந்தரவில்லாமல் குஞ்சுகளைச் சுமக்கும் இரண்டாவது வகை மனிதரை மட்டுமே கண்டுபிடித்திருக்கும். நோயில் தவித்தவரை ‘புழு இல்லை’ என்று திருப்பி அனுப்பியிருக்கும்.

மருந்து புழுவைக் கொல்கிறது, நோய் போகிறது. எதிர்ப்பு எப்படி இயங்கினால் என்ன என்று நடைமுறை மருத்துவர் ஒருவர் கேட்கக்கூடும். இதற்கு விடை 1980-களில் சென்னை சேத்துப்பட்டிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்தது. வி. கே. விஜயனும் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் நட்மன் போன்றோரும் சேர்ந்து, மெல்லிய குழாய் வழியே நோயாளியின் நுரையீரலுக்குள் உப்புநீரைச் செலுத்தி, உறிஞ்சி எடுத்து, அதிலுள்ள அணுக்களை எண்ணினார்கள். சிகிச்சைக்கு முன் ஈசினோபில்கள் நிறைந்திருந்தன. மருந்து கொடுத்த சில நாட்களிலேயே வேகமாகக் குறைந்தன. வெற்றிதான். ஆனால் அதே குழுவின் 1990-ஆம் ஆண்டு ஆய்வு, வழக்கமான மூன்று வாரச் சிகிச்சை முடித்துப் பல மாதங்கள் கழிந்தும் சிலருக்கு நுரையீரலின் ஆழத்தில் மெல்லிய அழற்சி தொடர்வதைக் காட்டியது. புழு போனாலும் உடல் தான் தொடங்கிய சண்டையை உடனே நிறுத்திவிடுவதில்லை. நாளாக ஆக அந்தத் திசு தடித்துத் தழும்பாகலாம். இருமல் நின்றதும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கோப்பை மூடுவது போதாது என்று சொல்ல வைத்தது எதிர்ப்பு மண்டல ஆய்வுதான்.

இனம் பற்றிய கேள்வியையும் எதிர்கொள்ள வேண்டும். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இந்த நோயாளிகள் பெரும்பாலும் இந்தியர்கள் என்பது பதிவான செய்தி. இதைக் கேட்டதும் ‘தமிழருடைய உடல்வாகு’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடும் ஆசை சிலருக்கு வரும். காலனி காலத்தில் அந்த ஆசை தாராளமாகவே இருந்தது. தோட்டத் தொழிலாளி மெலிந்து இருமினால் அவனுடைய இனத்தையும் பழக்கத்தையும் குறைசொன்ன காலம். ஆனால் யானைக்கால் புழு பரவலாக இருந்த இந்தியப் பகுதிகளிலேயே, புழுத் தொற்று உள்ளவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களிடம்தான் இந்த நுரையீரல் நோய் வருகிறது. மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் அதே இனம்தானே? மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் எங்கே பிறந்தார், எந்தக் கொசு எத்தனை முறை கடித்தது, எந்த வயதில் முதல் தொற்று, எந்த மாதிரிக் குடியிருப்பு என்பவற்றை ஒதுக்கிவிட்டு இனத்தை மட்டும் பிடித்துக்கொள்வது அறிவியல் ஆகாது. தனராஜின் ஆய்வு நோயாளியை ஓர் இனத்தின் மாதிரியாகப் பார்க்காமல், ஒரு புழுவைச் சந்தித்த உடலாகப் பார்த்தது. மருந்துக்குக் கட்டுப்படும் நோய் என்று நிரூபித்தது. நம் மக்களுக்கு அவர் செய்த பெரிய உபகாரம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

1960-களின் தொடக்கத்தில் அவர் கோலாலம்பூருக்கு வந்து மருத்துவப் புலத்தை உருவாக்கும் பொறுப்பை ஏற்றதும் ஆய்வுக்கான நேரம் சுருங்கியது. 1966 கட்டுரைக்குப் பிறகு அவருடைய பெயர் ஆய்விதழ்களைவிட நிர்வாகக் கோப்புகளில்தான் அதிகம் தென்படுகிறது. நல்ல விஞ்ஞானி ஒருவரை நாற்காலி விழுங்கிவிட்டது என்று வருந்துவோர் உண்டு. அந்த வருத்தத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவர் எழுப்பியது வெறும் பாடசாலை அல்ல. பந்தாய்ப் பள்ளத்தாக்கில் போதனா மருத்துவமனையும் அடிப்படை அறிவியல் துறைகளும் ஒரே வளாகத்தில் அமைந்தன. படுக்கையில் இருக்கும் நோயாளியின் ரத்தம் சில நிமிட நடையில் ஒட்டுண்ணியியல் ஆய்வகத்தை எட்டியது. முதல் மருத்துவர் அணி 1969-இல் பட்டம் பெற்று வெளியேறியது. ஈசினோபில் நுரையீரலின் புதிரை அவிழ்த்தபோது வார்டும் நுண்ணோக்கியும் ஒன்றாக உழைக்க வேண்டும் என்பதைக் கண்டுகொண்டவர், அதையே ஒரு நிறுவனமாக்கினார் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

அந்த நிறுவனம் என்ன கொடுத்தது என்பதற்கு ஒரு சான்று போதும். பூனை, நாய்களின் உடலில் வாழும் புரூகியா பகாங்கி என்ற புழுவைப் பக்லியும் எடிசனும் 1956-இல் மலாயாவில் விவரித்தார்கள். விலங்குகளின் இத்தகைய புழுக்கள் மனித உடலுக்குள் நுழைந்தால் ஈசினோபில் நோயைத் தூண்டலாம் என்று பக்லி 1958-இல் எழுதினார். ஒரு தன்னார்வலரின் உடலில் புழுவைச் செலுத்திப் பார்த்ததில் இருமலும் ஈசினோபில் பெருக்கமும் வந்தன. பிற்கால ஆய்வுகள் பெரும்பாலான நோய்க்கு மனிதப் புழுக்களையே காரணமாகக் காட்டியதால் பக்லியின் கருத்து ஓரமாகப் போய்விட்டது. 2011-இல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் ஆய்வாளர்கள் கோலாலம்பூர்ப் புறநகர் ஒன்றில் வசித்த ஐந்து பேரின் ரத்தத்தில் புரூகியா பகாங்கி தொற்றை மரபணுச் சோதனையில் உறுதி செய்தார்கள். காட்டோரக் கம்பமோ சதுப்புநிலக் கிராமமோ அல்ல, புறநகர். 2013-இல் அதைப் பரப்பும் கொசுவையும் அதே புலத்தார் அடையாளம் காட்டினார்கள்: ஆர்மிஜெரஸ் சபால்பேட்டஸ். அசுத்த நீரிலும் மலத்தொட்டியிலும் இனப்பெருக்கம் செய்யும் பெரிய கொசு. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் ஒருவர் யானைக்கால் புழு ஆய்வில் பல்லாண்டு அனுபவம் உள்ள எஸ். சிவானந்தம்.

இந்த நோய் பழங்கதை, அதற்கு ஏன் இத்தனை பக்கம் என்று கேட்பவருக்கு அந்தப் புறநகரே பதில். மலேரியாவிலும் இதே நிலைதான். 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்கு உள்நாட்டில் பரவும் மலேரியா மலேசியாவில் பதிவாகவில்லை. அதே ஆண்டுகளில் குரங்கிலிருந்து தாவும் நோலெசி மலேரியா ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்டோரைத் தாக்கியது, ஓராண்டில் 4,000-ஐயும் தாண்டியது. அதைச் சுமக்கும் கொசுக்களைச் சரவாக்கிலும் பகாங்கிலும் அடையாளம் காட்டியவர்களில் முன்னணியில் நிற்பவர், ஐ.எம்.ஆர். எனப்படும் மருத்துவ ஆய்வுக் கழகத்திலும் பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய இந்திரா வைத்திலிங்கம். ஒழிந்துவிட்டது என்று மனித ஒட்டுண்ணியின் கணக்கை மூடும் நேரத்தில் விலங்கு ஒட்டுண்ணி பக்கத்துக் கதவால் நுழைகிறது. நுழையும்போது அது எண்ணிக்கையில் குறைவு, ரத்தத்தில் அரிது, நுண்ணோக்கிக்கு எளிதில் சிக்காது. அந்த நிலையில் நம்பக்கூடிய சாட்சி உடலின் எதிர்ப்புப் புரதம்தான். யானைக்கால் ஒழிப்புப் பணியில் பல நாடுகள் பயன்படுத்தும் ‘புரூகியா ரேப்பிட்’ சோதனை அப்படிப்பட்டது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ரஹ்மா நூர்டின் குழு உருவாக்கியது. ஒரு சொட்டு ரத்தத்தில் ஐஜிஜி4 புரதத்தைத் தேடும் அந்தப் பட்டை, நள்ளிரவில் ரத்தம் எடுக்க வேண்டிய தேவையையே நீக்கிவிட்டது. கொள்கை அளவில் பார்த்தால் 1959-இல் ஆட்டுச் சிவப்பணுவை வைத்துத் தனராஜ் கேட்ட அதே கேள்வியைத்தான் அதுவும் கேட்கிறது.

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு சாதாரண கிளினிக்கில் எடுக்கும் முழு ரத்த எண்ணிக்கை அறிக்கையிலும் ஈசினோபிலுக்கு என்று ஒரு வரி உண்டு. அது கூடியிருப்பதற்கு ஒவ்வாமை, ஆஸ்துமா, வயிற்றுப் புழு, சில மருந்துகள் எனக் காரணங்கள் பல. ஆனால் 3,000-ஐத் தாண்டிய எண்ணும் இரவு இருமலும் சேர்ந்து வந்தால் ஆஸ்துமா ஸ்பிரேயைக் கொடுத்து அனுப்பிவிடாமல் புழு எதிர்ப்புச் சோதனைக்கும் ஒரு குழாய் ரத்தம் அனுப்ப வேண்டும். அந்த ரத்தம் போய்ச் சேர ஆய்வகம் இருக்க வேண்டும். நோய் குறைந்துவிட்டது என்று காரணம் காட்டி ஒட்டுண்ணியியல் துறைகளில் ஓய்வுபெறுவோரின் இடத்தை நிரப்பாமல் விடக்கூடாது. பகாங்கிப் புழு கண்டெடுத்த புறநகரோடு நிறுத்திவிடாமல், மலத்தொட்டிகள் நிறைந்த பழைய அடுக்ககங்களிலும் தாமான்களிலும் தெருப்பூனைகளின் ரத்தத்தையும் குடியிருப்போரின் எதிர்ப்புப் புரதத்தையும் சேர்த்தே ஆராய வேண்டும். வாட்சன் லயம் லயமாகப் பிள்ளைகளின் மண்ணீரலைத் தடவிக் கணக்கெடுத்தார். இன்று அதற்கு விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தமும் ஒரு பட்டையும் போதும். இதைச் செய்வதற்கான கருவி, ஆள், அறிவு மூன்றும் இந்தப் பள்ளத்தாக்குக்குள்ளேயே இருக்கின்றன.